திருச்சியில் பிறந்த பட்டாலியன்: இந்தியப் பாராசூட் ரெஜிமென்டின் கதை

தாம்பரத்தில் கல்லூரியில் படித்துக்கொண்டே என்.சி.சி.யில் பயிற்சி பெறும் இளைஞர் ஒருவர் கேட்ட கேள்விக்கான பதில் இது. "இந்தியப் பாராசூட் ரெஜிமென்டின் வரலாறு என்ன? அது பஞ்சாபியரும் கூர்க்காக்களும் சேர்ந்து கட்டிய வடநாட்டுப் படைதானே, நம் ஊருக்கும் அதற்கும் ஏதாவது தொடர்பு உண்டா?" என்று அவர் கேட்டிருந்தார். இரண்டாவது கேள்விக்கான பதில் முதல் கேள்விக்குள்ளேயே இருக்கிறது என்பதால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

பாராசூட் ரெஜிமென்ட் இன்றுள்ள வடிவில் 1952 ஏப்ரல் 15 அன்று உருவாக்கப்பட்டது. ஏற்கெனவே வான்குடைப் (பாராசூட்) பயிற்சி பெற்றிருந்த மூன்று பட்டாலியன்களை, அதாவது சில நூறு வீரர்கள் கொண்ட படைப்பிரிவுகளை, அவற்றின் தாய் ரெஜிமென்டுகளிலிருந்து பிரித்தெடுத்து அதைத் தொடங்கினார்கள். பஞ்சாப் ரெஜிமென்டின் பட்டாலியன் 1 பாரா ஆனது. மராட்டா லைட் இன்பன்ட்ரியிலிருந்து வந்தது 2 பாரா. குமாவுன் ரெஜிமென்டிலிருந்து வந்தது 3 பாரா. இந்தப் பெயர்களை மட்டும் பார்ப்பவருக்கு இது வடக்கும் மேற்கும் சேர்ந்த படையாகத்தான் தெரியும். ஆனால் அந்த 1 பாராவின் பிறப்பைத் தேடிப் பின்னால் போனால் நாம் வந்து நிற்கும் இடம் திருச்சிராப்பள்ளி, ஆண்டு 1761.

வந்தவாசியில் 1760 ஜனவரியில் பிரெஞ்சுப் படை தோற்றது. மறு ஆண்டு ஜனவரியில் புதுச்சேரியும் ஆங்கிலேயர் கைக்குப் போனது. கிழக்கிந்தியக் கம்பெனி நம் நாட்டு ஆட்களைச் சேர்த்து ஒழுங்கான சிப்பாய்ப் பட்டாலியன்களாக அமைத்துக்கொண்டிருந்த காலம் அது. அவற்றுக்குக் 'கோஸ்ட் சிப்பாய்கள்' என்று பெயர். இங்கே கோஸ்ட் என்பது சோழமண்டலக் கரையைக் குறிக்கும். அந்த வரிசையில் எட்டாவது பட்டாலியன் 1761இல் திருச்சியில் திரட்டப்பட்டது. பின்னர் அது சென்னை மாகாணப் படையின் ஏழாவது காலாட்படைப் பிரிவாக எண் மாறியது. மைசூர்ப் போர்கள் நடந்த காலத்தைக் கடந்து, கடல் தாண்டி பர்மாவுக்கும் சென்று முதல் பர்மியப் போரில் சண்டையிட்டது.

சென்னை மாகாணத்தில் பிறந்த படைக்குப் பஞ்சாப் என்ற பெயர் எப்படி வந்தது? இந்தக் கேள்வியைப் பெரும்பாலோர் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு இந்த வரலாற்றில் மிக முக்கியமானதே இதுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், 'போர்க்குடிகள்' என்று சில சமூகங்களுக்கு முத்திரை குத்தி, மற்றவர்களைப் போருக்கு லாயக்கற்றவர்கள் என்று ஒதுக்கும் கொள்கை ஆங்கிலேய ராணுவத்தில் வேரூன்றியது. தென்னிந்தியர் அந்தக் கணக்கில் ஒதுக்கப்பட்டோர் பட்டியலில் விழுந்தார்கள். சென்னைப் படையின் பட்டாலியன்கள் சில கலைக்கப்பட்டன. சிலவற்றில் தமிழ், தெலுங்குச் சிப்பாய்களுக்குப் பதிலாகப் பஞ்சாபியரைச் சேர்த்தார்கள். திருச்சியில் பிறந்த அந்தப் படைக்கும் இதுதான் நேர்ந்தது. 1903இல் அப்போதைய இந்தியப் படைத் தலைமைத் தளபதி கிச்சனர் செய்த மாற்றங்களில் அது '67ஆம் பஞ்சாபியர்' என்று பெயர் பெற்றது. 1922இல் இரண்டாம் பஞ்சாப் ரெஜிமென்டின் முதல் பட்டாலியன் ஆனது. அந்த வழியாகவே 1952இல் பாராசூட் ரெஜிமென்டுக்குள் வந்தது. நம்மவர்கள் இந்தப் படைக்குள் பிற்காலத்தில் நுழைந்த விருந்தாளிகள் அல்லர். அவர்கள் தொடங்கிய படையிலிருந்து ஒரு தவறான கொள்கையால் வெளியேற்றப்பட்டு, பிறகு தனித்தனி மனிதர்களாகத் திரும்பி வந்தவர்கள். வரலாற்றை இந்த வரிசையில் சொல்வதுதான் நேர்மையானது என்று நான் கருதுகிறேன்.

இனி வான்குடைக்கு வருவோம். இரண்டாம் உலகப்போரின் தொடக்கத்தில் ஜெர்மனி தன் வான்குடைப் படைகளைப் பயன்படுத்திய விதம் எல்லா நாடுகளையும் யோசிக்க வைத்தது. 1941 அக்டோபரில் 50ஆம் இந்தியப் பாராசூட் பிரிகேட் அமைக்கப்பட்டது. அதில் 151 பிரிட்டிஷ், 152 இந்திய, 153 கூர்க்கா என்று மூன்று பட்டாலியன்கள் இருந்தன. பயிற்சிப் பள்ளி முதலில் டெல்லியின் வில்லிங்டன் விமான நிலையத்தில் இயங்கியது. பிறகு ராவல்பிண்டிக்கு அருகிலுள்ள சக்லாலாவுக்கு மாறியது. முதன்முதலாகப் பாராசூட்டில் குதித்த இந்தியர்களாக அந்தப் படையின் வரலாறு இரண்டு பேரைக் குறிப்பிடுகிறது. ஒருவர் ஹவில்தார் மேஜர் மதுரா சிங். மற்றவர் 152ஆம் பட்டாலியனின் மருத்துவ அதிகாரியான லெப்டினன்ட் ஏ.ஜி. ரங்கராஜ். பெயரின் முதல் எழுத்தான 'ஏ' ஆற்காட்டைக் குறிக்கிறது. திருச்சிப் பட்டாலியனிலிருந்து தமிழர்களை அகற்றி நாற்பது ஆண்டுகள்கூட முழுமையாக ஆகாத நிலையில், இந்தியாவின் முதல் வான்குடை வீரர்களில் ஒருவராக ஆற்காட்டுப் பெயர் கொண்ட ஒரு மருத்துவர் விமானத்திலிருந்து குதித்தார். அவரைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். அதற்கு முன் சங்ஷாக் சண்டை.

வான்குடைப் படைக்கு முதல் பெரிய சோதனை வானத்திலிருந்து வரவில்லை. 1944 மார்ச்சில் ஜப்பானியப் படை பர்மாவிலிருந்து மணிப்பூருக்குள் நுழைந்தபோது, 50ஆம் பிரிகேட் உக்ருல் பகுதிக் காட்டில் பயிற்சியில் இருந்தது. பிரிகேடியர் ஹோப்-தாம்சன் தலைமையில் சங்ஷாக் என்ற நாகா கிராமத்தின் குன்றில் அவர்கள் அரண் அமைத்தார்கள். மண்ணுக்கு அடியிலேயே பாறை இருந்ததால் ஆழமாகக் குழி தோண்ட முடியவில்லை. குன்றின் மீது தண்ணீரும் இல்லை. முள்கம்பியும் வந்து சேரவில்லை. விமானங்கள் போட்ட பொருள்களில் பெரும்பகுதி ஜப்பானியர் பக்கமே விழுந்தது. மார்ச் 22 முதல் 26 இரவு வரை அங்கேயே நின்றார்கள். பிரிகேடுக்கு ஏற்பட்ட இழப்பு ஏறத்தாழ 600 பேர். அதில் 152ஆம் இந்தியப் பட்டாலியன் கொடுத்த விலைதான் மிக அதிகம். கொல்லப்பட்ட ஜப்பானிய அதிகாரி ஒருவரிடம் கிடைத்த வரைபடம், ஒரு முழு டிவிஷன் கோஹிமாவை நோக்கி வருவதைக் காட்டிக்கொடுத்தது. அந்த ஐந்து நாள் தாமதம் இம்பாலையும் கோஹிமாவையும் தயார்ப்படுத்திக்கொள்ள நேரம் கொடுத்தது. ஆனாலும் பின்வாங்கி வந்தவர்களுக்கு அப்போது பாராட்டுக்குப் பதிலாகப் பழிதான் கிடைத்தது. அவர்கள் செய்ததன் மதிப்பு பிற்பாடுதான் உணரப்பட்டது.

போரில் அவர்கள் ஒரு பட்டாலியன் அளவில் உண்மையாகவே குதித்தது 1945 மே 1 அன்றுதான். ரங்கூன் ஆற்றின் முகத்துவாரத்தில் எலிஃபன்ட் பாயின்ட் என்ற இடத்தில் இருந்த பீரங்கி நிலையைக் கைப்பற்ற, இரண்டு கூர்க்கா பாராசூட் பட்டாலியன்களிலிருந்து ஆட்களைச் சேர்த்து அமைத்த ஒரு பட்டாலியனை இறக்கினார்கள். கொட்டும் மழையில் வெள்ளம் தேங்கிய வயல்களில் நடந்து போய் அதைப் பிடித்தார்கள். வழியில் நேச நாட்டு விமானங்களின் குண்டுகளே தவறி அவர்கள் மீது விழுந்து சிலர் இறந்தார்கள்.

நாடு பிரிந்தபோது மூன்று பாராசூட் பிரிகேடுகளில் 50, 77 இரண்டும் இந்தியாவுக்கு வந்தன. 14 பாகிஸ்தானுக்குப் போனது. சக்லாலா பள்ளி அந்தப் பக்கம் நின்றுவிட்டதால், ஆக்ராவில் புதிதாகப் பயிற்சிப் பள்ளி தொடங்க வேண்டியிருந்தது. அதற்குள் காஷ்மீரில் போர் வந்துவிட்டது. அங்கே இவர்கள் குதிக்கவில்லை, காலாட்படையாகவே சண்டையிட்டார்கள். லெப்டினன்ட் கர்னல் பிரீதம் சிங்கின் குமாவுன் பாராசூட் பட்டாலியன் பூஞ்ச் நகரைச் சூழ்ந்த முற்றுகையைத் தாங்கி நின்றது. 50ஆம் பிரிகேடின் தளபதி பிரிகேடியர் முகமது உஸ்மான் நவ்ஷேராவைக் காத்தார். இழந்த ஜங்கரை 1948 மார்ச்சில் மீட்டார். ஜூலை 3 அன்று அதே ஜங்கரில் பீரங்கிக் குண்டுக்குப் பலியானார். பிரிவினையின்போது பாகிஸ்தான் படைக்குப் போயிருந்தால் அவருக்கு உயர்பதவி காத்திருந்தது. போகவில்லை. அவருக்கு மறைவுக்குப் பின், போர்க்கால வீரத்துக்கான இரண்டாவது உயரிய விருதான மகாவீர் சக்கரம் வழங்கப்பட்டது. டெல்லி ஜாமியா மில்லியா வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

இப்போது ரங்கராஜிடம் திரும்புகிறேன். கொரியப் போரில் இந்தியா சண்டையிடும் படை எதையும் அனுப்பவில்லை. 60ஆம் பாராசூட் கள மருத்துவப் பிரிவை மட்டும் அனுப்பியது. கண்டிப்பாகச் சொன்னால் அது பாராசூட் ரெஜிமென்டின் பட்டாலியன் அல்ல, ராணுவ மருத்துவப் படையைச் சேர்ந்தது. ஆனால் 50ஆம் பிரிகேடோடு சேர்ந்து பயிற்சி பெற்று, வான்குடை வீரர்களின் அடையாளமான அதே மெரூன் நிறத் தொப்பியை அணிந்தவர்கள் அவர்கள். அதனால் இந்த வரலாற்றில் அவர்களை விட்டுவிட முடியாது. லெப்டினன்ட் கர்னல் ரங்கராஜின் தலைமையில் முந்நூற்றுக்கும் மேற்பட்டோர் 1950 நவம்பரில் பூசான் துறைமுகத்தில் இறங்கினார்கள்.

அவர்கள் பியாங்யாங் போய்ச் சேர்ந்த சில நாள்களிலேயே சீனப் படை தாக்கியதால் எல்லோரும் பின்வாங்க வேண்டியதாயிற்று. மருத்துவக் கருவிகளையும் மருந்துகளையும் ஏற்றிச் செல்ல வண்டி இல்லை. அவற்றை அழித்துவிட்டு ஆட்கள் மட்டும் தப்பிப் போகலாம் என்பதுதான் எளிய வழி. ரங்கராஜ் அதற்கு ஒப்பவில்லை. கருவி இல்லாத மருத்துவப் பிரிவு அந்தப் போரில் யாருக்கும் பயன்படாது என்பது அவருக்குத் தெரியும். ரயில் நிலையத்தில் கைவிடப்பட்டுக் கிடந்த ஒரு பழைய நீராவி எஞ்சினையும் சில பெட்டிகளையும் கண்டுபிடித்தார்கள். கொதிகலனுக்குத் தண்ணீர் நிரப்ப வழி இல்லாததால், வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றி வாளியில் தண்ணீர் ஊற்றினார்கள். பொருள்களை ஏற்றி, அந்த ரயிலைத் தாங்களே ஓட்டிக்கொண்டு பாலத்தைக் கடந்தார்கள். அதன்பின் அந்தப் பாலம் தகர்க்கப்பட்டது. கொரியக் கடுங்குளிரில், அடுப்புக் கரி படிந்த முகங்களோடு, ஆற்காட்டுப் பெயர் கொண்ட ஒரு மருத்துவரின் சொல்லைக் கேட்டு ரயில் ஓட்டிய அந்த ஆட்களை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும்.

அடுத்த ஆண்டு மார்ச் 23 அன்று, சியோலுக்கு வடக்கே முன்சான்-நி என்ற இடத்தில் அமெரிக்காவின் 187ஆம் வான்வழிப் படை மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களை இறக்கியபோது, காயமடைவோரைக் கவனிக்க இந்தியப் பிரிவிலிருந்து 12 பேர் அவர்களோடு குதித்தார்கள். ரங்கராஜ் அதிலும் இருந்தார். அவருக்கு மகாவீர் சக்கரம் கிடைத்தது. துப்பாக்கியால் பெற்ற விருது அல்ல அது. காப்பாற்றிய உயிர்களுக்காகப் பெற்றது.

கொரியக் கதை சென்னைத் துறைமுகத்தில் வந்து முடிகிறது என்பது பலருக்குத் தெரியாது. போர்நிறுத்தத்துக்குப் பிறகு, தாயகம் திரும்ப மறுத்த கைதிகளைக் காவல் காக்கும் பொறுப்பு 1953இல் இந்தியாவிடம் வந்தது. ஜெனரல் திம்மையா நடுநிலை நாடுகளின் ஆணையத்துக்குத் தலைமை தாங்கினார். மேஜர் ஜெனரல் தோராட் இந்தியக் காவல் படைக்குத் தளபதி. அந்தப் படையில் 2 பாராவும் இருந்தது. கைதிகளில் கம்யூனிசப் பக்கமும் வேண்டாம், எதிர்ப்பக்கமும் வேண்டாம், வேறொரு நாட்டுக்கே போகிறோம் என்று சொன்ன 88 பேர், இந்தியப் படையினரோடு 'அஸ்டூரியாஸ்' கப்பலில் 1954 பிப்ரவரியில் சென்னைக்கு வந்து இறங்கினார்கள். கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே இன்று பெட்டக லாரிகள் வரிசை கட்டி நிற்கும் அந்தத் துறைமுகம், இரண்டு நாடுகளாலும் பிளக்கப்பட்ட அந்த மனிதர்களின் முதல் புகலிடமாக இருந்தது.

திருச்சியில் பிறந்த 1 பாராவின் பெருமைக்குரிய நாள் 1965 ஆகஸ்ட் 28. உரிக்கும் பூஞ்சுக்கும் நடுவே 2,637 மீட்டர் உயரத்தில் இருக்கிறது ஹாஜி பீர் கணவாய்; காஷ்மீருக்குள் ஊடுருவல்காரர்கள் வந்த வழி. பட்டாலியனின் துணைத்தளபதி மேஜர் ரஞ்சித் சிங் தயாள், சாங்க் மலையைப் பிடித்த கையோடு, ஓய்வே எடுக்காத ஆட்களைக் கூட்டிக்கொண்டு 27ஆம் தேதி பிற்பகலில் கீழே பள்ளத்தாக்கில் இறங்கினார். பாதையை விட்டுவிட்டு இரவோடு இரவாக மழையில் செங்குத்தான சரிவில் ஏறினார்கள். வழியில் ஒரு குடிசைக்குள் இருந்த எதிரிகளைப் பிடித்து, அவர்களையே சுமை தூக்க வைத்தார்கள். மறுநாள் காலை பத்தரை மணி அளவில் கணவாய் அவர்கள் கையில் இருந்தது. 1966 ஜனவரியில் இந்தியாவும் பாகிஸ்தானும் செய்துகொண்ட தாஷ்கண்ட் ஒப்பந்தத்தால் அது திருப்பிக் கொடுக்கப்பட்டது. அந்த முடிவைப் பற்றிய வருத்தம் ராணுவத்தில் இன்றும் உண்டு. பின்னாளில் லெப்டினன்ட் ஜெனரலாக ஓய்வுபெற்ற தயாள், 1988 முதல் 1990 வரை புதுச்சேரியின் துணைநிலை ஆளுநராக இருந்தார். 1761இல் புதுச்சேரி வீழ்ந்த அதே ஆண்டில் திருச்சியில் பிறந்த பட்டாலியனின் நாயகர், அதே புதுச்சேரிக்கு ஆளுநராக வந்தது தற்செயல்தான். என்றாலும் எண்ணிப் பார்க்க மனம் நிறைகிறது.

பாகிஸ்தானோடு நடந்த அதே 1965 போரில் மேஜர் மேக் சிங் தன் சொந்த முயற்சியில் விருப்பமுள்ள ஆட்களைத் திரட்டி, எதிரியின் பின்புறம் புகுந்து தாக்கினார். அந்த 'மேக்தூத்' குழுவே 1966 ஜூலையில் 9 பாரா கமாண்டோ பட்டாலியனுக்கு விதையானது. அடுத்த ஆண்டு அதிலிருந்து பாலைவனப் போருக்கான 10 பாரா பிரிந்தது. 1971இல் 10 பாரா லெப்டினன்ட் கர்னல் பவானி சிங் தலைமையில் சிந்துப் பகுதியின் சாச்ரோ வரை புகுந்து தாக்கியது. 1978இல் 1 பாராவும் சிறப்புப் படையாக மாறியது. சிறப்புப் படையினர் மார்பில் அணியும் சின்னத்தின் பெயர் 'பலிதான்', அதாவது தியாகம்.

1971 வங்கதேசப் போரில், டிசம்பர் 11 மாலை அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் டாங்கைல் அருகே 2 பாரா குதித்தது. டாக்காவுக்குப் பின்வாங்கும் பாகிஸ்தான் பிரிகேடை மறிக்க பூங்லி பாலத்தைப் பிடிப்பதுதான் நோக்கம். லெப்டினன்ட் கர்னல் குல்வந்த் சிங் பன்னு தலைமை தாங்கினார். இறங்கியது ஒரு பட்டாலியன்தான். ஆனால் ஒரு பிரிகேடே, ஐயாயிரம் பேர், இறங்கியதாக வெளிநாட்டுச் செய்திகள் பரவின. அந்தச் செய்தி டாக்காவிலிருந்த பாகிஸ்தான் தளபதிகளின் மன உறுதியைக் குலைத்தது. டிசம்பர் 16 அன்று டாக்காவுக்குள் முதலில் நுழைந்த இந்தியப் படையினரில் 2 பாராவும் இருந்தது.

தமிழில் இந்த வரலாற்றை எழுதுபவர் 1987ஐத் தாண்டிப் போக முடியாது, தாண்டவும் கூடாது. இந்திய அமைதிப்படை இலங்கையில் இருந்த அந்த ஆண்டு அக்டோபர் 11 நள்ளிரவில், விடுதலைப் புலிகளின் தலைவர்களைப் பிடிப்பதற்காக 10 பாரா கமாண்டோக்களையும் 13ஆம் சீக்கிய லைட் இன்பன்ட்ரியின் ஒரு பிளாட்டூனையும் ஹெலிகாப்டர்களில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் இறக்கினார்கள். இந்தியப் படையின் வானொலிச் செய்திகளை ஒட்டுக்கேட்டிருந்த புலிகள் காத்திருந்தார்கள். பலத்த சூட்டில் அடுத்தடுத்த ஹெலிகாப்டர்கள் வர முடியவில்லை. இறங்கிய 30 சீக்கிய வீரர்களில் 29 பேர் மடிந்தார்கள், ஒருவர் பிடிபட்டார். கமாண்டோக்களில் 6 பேர் இறந்தார்கள். அதைத் தொடர்ந்து யாழ்ப்பாணத்தைப் பிடிக்க நடந்த சண்டையில் அந்த மண்ணின் பொதுமக்கள் பலரும் உயிரிழந்தார்கள். திட்டமிட்டவர்களின் பிழைக்கு விலை கொடுத்தவர்கள் களத்தில் இருந்தவர்களும், இந்தச் சண்டைக்குச் சம்பந்தமே இல்லாத குடும்பங்களும்தான். 1990 மார்ச்சில் அமைதிப்படை சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கியபோது முதலமைச்சர் கருணாநிதி வரவேற்கச் செல்லவில்லை. அதைச் சரி என்பவர்களும் தவறு என்பவர்களும் இந்த நகரத்தில் இன்றும் இருக்கிறார்கள். வீரர்களின் துணிவை மதிப்பதும், அவர்களை அங்கே அனுப்பிய முடிவைக் கேள்வி கேட்பதும் ஒன்றுக்கொன்று முரண் அல்ல என்பதே என் நிலைப்பாடு.

அடுத்த ஆண்டு மாலத்தீவு. 1988 நவம்பர் 3 அன்று இலங்கைத் தமிழ் ஆயுதக்குழுவான பிளாட்டைச் சேர்ந்தவர்களின் துணையோடு அதிபர் கயூமுக்கு எதிராகக் கிளர்ச்சி நடந்தது. அன்றிரவே பிரிகேடியர் ஃபரூக் புல்சாராவின் 50ஆம் பிரிகேடிலிருந்து, கர்னல் சுபாஷ் ஜோஷியின் 6 பாரா ஆக்ராவில் விமானம் ஏறி, இடையில் எங்கும் நிற்காமல் ஹுல்ஹுலே தீவில் இறங்கியது. விமான ஓடுபாதை எதிரியின் கையில் இருந்தால் குதிக்கத் தயாராக இருந்தார்கள், தேவைப்படவில்லை. சில மணி நேரத்தில் அதிபர் காப்பாற்றப்பட்டார். கார்கில், 2016 எல்லை தாண்டிய தாக்குதல் போன்றவற்றை நீங்களே நாளிதழ்களில் படித்திருப்பீர்கள் என்பதால் அவற்றை இங்கே விரிக்கவில்லை.

இனி உங்களுக்கு நேரடியாகப் பயன்படும் செய்தி. இன்றைய பாராசூட் ரெஜிமென்டின் மையம் 1992 முதல் பெங்களூரில் இருக்கிறது. எந்தச் சாதி, மொழி, மாநிலத்தவரும் சேரலாம் என்பது அதன் விதி. 1903இல் போடப்பட்ட வேலி இங்கே இல்லை. யாரையும் கட்டாயமாக எடுப்பதும் இல்லை. தாமாக முன்வருபவர்கள்தான் அதன் வீரர்கள். நீங்கள் அதிகாரியாக விரும்பினால், உங்கள் வீட்டிலிருந்து மின்ரயிலில் சில நிறுத்தங்கள் தள்ளிப் பரங்கிமலையில் அதிகாரிகள் பயிற்சி அகாடமி இருக்கிறது, 1963இல் தொடங்கப்பட்டது. அங்கே பயிற்சி முடித்து அதிகாரியாகும்போது பாராசூட் ரெஜிமென்டை விருப்பமாகக் குறிப்பிடலாம். பட்டாலியனில் தகுதிகாண் காலம் முடியும்வரை மெரூன் தொப்பி கிடைக்காது. அந்தக் காலத்திலேயே பாதிக்கு மேற்பட்டோர் திரும்பிப் போய்விடுவதுண்டு. தாக்குப்பிடித்தவர்கள் ஆக்ரா பள்ளியில், இரவுக் குதிப்பு ஒன்று உட்பட, ஐந்து முறை குதித்தபின் மார்பில் சிறகுச் சின்னத்தைக் குத்திக்கொள்கிறார்கள். ரங்கராஜ் குதித்தபோது அந்தப் பள்ளியும் இல்லை, அந்தத் தொப்பியும் இல்லை, எப்படி இறங்க வேண்டும் என்று சொல்லித்தர முன்னால் குதித்த இந்தியர் ஒருவரும் இல்லை.